ஆடாத மூட்டை: நெடுந்தூர பைக் கேம்பிங்குக்குச் சாமான் கட்டும் முறை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி என் வீடு. வேலை, ஹார்பரில் லாஷிங். கப்பலில் ஏற்றிய சரக்கு நடுக்கடலில் நகராதபடி கம்பி, செயின், பெல்ட் போட்டுக் கட்டுகிற வேலை. சேர்ந்த முதல் வாரம் ஒரு மரப்பெட்டியை நாலு சுற்றுக் கயிறு போட்டு இறுக்கிவிட்டு நின்றேன். மேஸ்திரி வந்தார், பெட்டியைக் காலால் ஒரு தள்ளு தள்ளினார். அரை விரல் அகலம் நகர்ந்தது. "சரக்கு கயித்த அறுக்காதுடா, ஆட்டம்தான் அறுக்கும். எவ்ளோ கட்டுனன்னு பாக்காத, ஆடுதான்னு பாரு" என்றார்.

அந்தப் பேச்சை ஹார்பருக்குள் மட்டும் வைத்துக்கொண்டேன். பைக்கில் கூடாரம் கட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போனபோது மறந்துவிட்டேன். 2017 ஜனவரியில் கண்டிக்கோட்டைக்கு முதல் கேம்பிங். ஆந்திராவில் பெண்ணாறு பாறையை அறுத்துக்கொண்டு ஓடும் இடம், மேலே பழைய கோட்டை. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு நாலு வாங்கி, இருந்த மூட்டையெல்லாம் பின் கேரியரில் குவித்துக் கட்டினேன். புத்தூர் தாண்டியதும் ஸ்பீட் பிரேக்கரில் ஒரு கொக்கி கழன்றது. ஸ்லீப்பிங் பேக்கின் தோள்வார் செயினுக்குள் போய்ப் பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இருந்ததால் விழாமல் நின்றேன். எண்பதில் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பின்னால் வந்த லாரி டிரைவர் இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல், வாரை அறுத்து எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு கொல்லிமலை, ஹம்பி, 2022 ஜூனில் லடாக்கில் இருக்கும் லே வரை இருபத்தொரு நாள் என்று போய் வந்திருக்கிறேன். வண்டி என் பழைய தண்டர்பேர்ட் 350. கட்டிய மூட்டை அதற்குப் பிறகு ஒரு முறைகூட விழவில்லை. எப்படிக் கட்டுகிறேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் எடை போடுங்கள்

2016 ஜூலை 1 முதல், எடை போடாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்று உலகம் முழுக்க விதி. அதற்கு முன்னால் சரக்கு அனுப்புகிறவர் காகிதத்தில் எழுதிய எடையை நம்பி அடுக்குவார்கள். எழுதியது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. அடுக்கே சரிந்துவிடும். பைக்கிலும் அதே கதைதான். "லேசாத்தான் இருக்கும்" என்று கையால் தூக்கிப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். தெருமுனைக் காயலான்கடையில் எலக்ட்ரானிக் தராசு இருக்கும். ஒவ்வொரு பையாக வைத்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள்.

கண்டிக்கோட்டைக்கு நான் கொண்டுபோனது 41 கிலோ. இரண்டு நாள் பயணத்துக்கு. லேவுக்கு இருபத்தொரு நாளைக்குக் கொண்டுபோனது 26. கூடாரம் 2.8, ஸ்லீப்பிங் பேக் 1.7, அடியில் விரிக்கும் பாய் 600 கிராம், அடுப்பும் பாத்திரமும் 1.4, டூல்ஸ், ட்யூப், பம்பு எல்லாம் சேர்ந்து 4.5, துணி 4, மழைக்கோட்டு 1.3, சாப்பாட்டுச் சாமான் 2, தண்ணீர் 3, மருந்து, சார்ஜர், டார்ச் 1.2. மீதி 3.5 பைகளும் பெல்ட்டுகளும்.

பின் சீட்டில் அறுபது எழுபது கிலோ ஆள் உட்கார்ந்தே போகிறாரே, 41 கிலோவில் என்ன வந்துவிடப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆள் உட்காருவது இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், வளைவில் வண்டியோடு சேர்ந்து சாய்வார். கேரியரில் கட்டிய மூட்டை பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. எங்கள் பக்கத்தில் படகு ஏறியவர்களுக்கு இது தெரியும்: பின்பக்கம் வலையும் ஐஸும் கனத்தால் முன்பக்க அணியம் தூக்கிவிடும், அப்புறம் படகு சொன்ன பக்கம் திரும்பாது. பைக்கில் முன் சக்கரம் லேசானால் வேகத்தில் ஹேண்டில்பார் உதற ஆரம்பிக்கும், பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும்.

அதனால் கனமானது கீழே, முன்னே, நடுவே. டூல்ஸ், ட்யூப், தண்ணீர், அடுப்பு எல்லாம் இரண்டு பக்கத் தொங்கு பைகளின் அடியில், முடிந்தவரை உட்காரும் இடத்தை ஒட்டி. பின் சீட்டின் மேல் குறுக்கே துணிப்பை. அதன் மேலோ கேரியரிலோ லேசான ஸ்லீப்பிங் பேக், கூடாரம், பாய் மட்டும். இடது, வலது பைகளுக்குள் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்வேன். சைலன்சர் இருக்கிற வலது பக்கப் பை சின்னதாக இருக்கட்டும். சைலன்சரிலிருந்து பை நாலு விரல் தள்ளி இருக்க வேண்டும், அதுவும் சும்மா நிற்கும்போது இல்லை, நீங்கள் ஏறி உட்கார்ந்து சஸ்பென்ஷன் அழுந்திய பிறகு.

பை, பெல்ட், கயிறு

விலை உயர்ந்த பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன. என்னிடம் இருப்பது லாரித் தார்ப்பாய் தைக்கும் கடையில் அளவு கொடுத்துத் தைத்த இரண்டு பைகள். லாரியை மூடுகிற அதே பிவிசி துணி, வாய்ப்பக்கம் மூன்று மடிப்பாகச் சுருட்டிக் கட்டுகிற மாதிரி. ஜிப் வேண்டாம் என்று சொல்லித் தைக்கச் சொன்னேன். ஜிப் தூசியில் முதலில் மாட்டிக்கொள்ளும், மழையில் தண்ணீர் அதன் வழியாகத்தான் இறங்கும். தையல் ஓரம் முழுக்க உள்பக்கம் ஒட்டு டேப் போட்டுக்கொண்டேன். ஐந்து வருஷமாகிறது, ஒரு சொட்டு இறங்கியதில்லை.

எலாஸ்டிக் கயிற்றைப் பற்றி நான் கடுமையாகவே சொல்கிறேன்: மூட்டையைத் தாங்குவதற்கு அது கூடாது. இழுபடுகிற கயிறு, ஒவ்வொரு குழியிலும் மூட்டையைக் கொஞ்சம் எழும்ப விடும். எழும்பினால் நகரும், நகர்ந்தால் கொக்கி கழலும். கழலும்போது அந்தக் கொக்கி கண்ணில் அடித்தால் பார்வை போகும். மேலே காயப்போடும் துண்டைப் பிடித்துவைக்க மட்டும் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

வேண்டியது 25 மில்லிமீட்டர் அகலப் பெல்ட், பல் வைத்த பக்கிளோடு, நாலு. ஹார்பரில் நாங்கள் பயன்படுத்தும், நெம்பி நெம்பி இறுக்குகிற ரேச்செட் பெல்ட் பைக்குக்கு அதிகம். கை பலத்தில் இரண்டு அழுத்து அழுத்தினால் கேரியர் கம்பி வளைந்துவிடும், உள்ளே இருக்கும் பாத்திரமும் நசுங்கும். பக்கிள் பெல்ட்டைக் கையால் எவ்வளவு இழுக்க முடியுமோ அதுவே போதும்.

கயிறுதான் வேண்டும் என்றால் காசிமேட்டில் கிலோ கணக்கில் கிடைக்கும். எதை எடுப்பது என்று தெரிந்து எடுங்கள். பச்சையும் நீலமுமாக மின்னும் பாலிப்ரோப்பிலீன் கயிறு தண்ணீரில் மிதக்கும், அதனால் படகுக்கு நல்லது. ஆனால் வழுக்கும், முடிச்சு தானே அவிழும், வெயிலில் நாளாக நாளாக உதிரும். நைலான் பலமானது, ஆனால் இழுபடும், நனைந்தால் இன்னும் தளரும். காலையில் இறுக்கிக் கட்டியது மழைக்குப் பிறகு தொளதொளவென்று இருக்கும். பாலியெஸ்டர் கயிறுதான் இழுபடாமல் நிற்கும். 6 மில்லிமீட்டர் தடிமனில் பத்து மீட்டர் எடுங்கள். பெல்ட் அறுந்தால் மாற்று, கூடாரத்துக்கு இழுகயிறு, துணி காயப்போடும் கொடி, மூன்றுக்கும் ஆகும்.

கயிற்றை இறுக்க லாரிக்காரர்கள் போடும் முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். கயிற்றின் நடுவில் ஒரு கண் போட்டு, முனையைக் கேரியர் கம்பிக்கு அடியில் விட்டு மேலே கொண்டுவந்து, அந்தக் கண்ணுக்குள் நுழைத்துக் கீழே இழுங்கள். கப்பி மாதிரி வேலை செய்யும், கொஞ்சம் இழுத்தாலே நிறைய இறுகும். ஒரு கையால் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு முடிச்சைப் பூட்டுங்கள். பத்துத் தடவை வீட்டு ஜன்னல் கம்பியில் போட்டுப் பாருங்கள், கை பழகிவிடும்.

இப்போது பைக் ஓட்டுகிற பலருக்குத் தெரியாத ஒன்று. கப்பலில் இரும்புத் தளத்தின் மேல் இரும்புச் சரக்கை நேராக வைக்க மாட்டோம். நடுவில் மரக்கட்டையோ ரப்பரோ போடுவோம். வழுக்காத அடிப்பாகம் பாதி வேலையைச் செய்துவிடும், மிச்சத்தைத்தான் கட்டு செய்யும். பஞ்சர் கடையில் பழைய லாரி ட்யூப் ஒரு துண்டு வாங்கி, சீட்டுக்கும் துணிப்பைக்கும் நடுவில், கேரியருக்கும் மூட்டைக்கும் நடுவில் விரித்துவிட்டு அப்புறம் கட்டுங்கள். முதல் தடவை இதைச் செய்தபோது, பெல்ட் போடுவதற்கு முன்பே மூட்டை அசைய மறுத்தது.

கட்டும் திசையும் முக்கியம். மேலிருந்து கீழே அழுத்துகிற பெல்ட் இரண்டு. பிரேக் பிடிக்கும்போது மூட்டை முன்னால் பாயும், கிளம்பும்போது பின்னால் சரியும், அதற்காகக் குறுக்கே பெருக்கல் குறி போல இன்னும் இரண்டு. கட்டி முடித்ததும் மூட்டையைப் பிடித்து நாலு பக்கமும் ஆட்டுங்கள். மூட்டை தனியாக அசையக்கூடாது, வண்டியே சேர்ந்து அசைய வேண்டும். மிச்சம் தொங்கும் வார் நுனிகளைச் சுருட்டி டேப் போட்டு ஒட்டுங்கள். செயினுக்குள் போனது என் மூட்டையில்லை, தொங்கிய ஒரு முழம் வார்தான்.

எது மேலே, எது அடியில்

ராத்திரி முதலில் எது வேண்டுமோ அது காலையில் கடைசியாக உள்ளே போக வேண்டும். கூடாரம் எப்போதும் வெளியே, தனிப் பையில். மழையில் போய்ச் சேர்ந்தால் வேறு எந்தப் பையின் வாயையும் திறக்காமல் கூடாரத்தை மட்டும் உருவ முடிய வேண்டும். காலையில் அது ஈரமாகத்தான் மடிபடும், உள்ளே வைத்தால் ஸ்லீப்பிங் பேக்கும் நனையும். மழைக்கோட்டு துணிப்பையின் மேல்புறம். பஞ்சர் சாமானும் பம்பும் மூட்டையை அவிழ்க்காமல் எட்டும் இடத்தில். என் வண்டியில் பக்கவாட்டு டூல் பாக்ஸில் வைக்கிறேன். ஆர்.சி., லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் போனில் டிஜிலாக்கரில் இருந்தாலும் நகல் ஒன்று ஜிப் கவரில் போட்டு ஜாக்கெட் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள், மலையில் போன் செத்துப்போகும்.

கூடாரம் வாங்கும்போது தானாக நிற்கும் வகை வாங்குங்கள். ஆணி அடித்தால்தான் நிற்கும் வகை பாறையிலும் சிமென்ட் தரையிலும் உதவாது, நெடுஞ்சாலைப் பயணத்தில் பெட்ரோல் பங்க் ஓரத்திலும் டாபா முற்றத்திலும்தான் பல ராத்திரி கழியும். மேல்துணி தனியாக, உள்கூடாரம் தனியாக இருக்கும் இரட்டை அடுக்குதான் சரி. ஒற்றை அடுக்கில் மூச்சுக்காற்றின் ஈரமே விடிகாலையில் மேலே சொட்டும். கடற்கரை மணலில் ஆணி பிடிக்காது. பழைய சிமென்ட் சாக்கில் மணல் நிரப்பி, இழுகயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவிடுங்கள். பழவேற்காட்டில் காற்று அடித்த ராத்திரி அதுதான் என் கூடாரத்தைப் பிடித்து நிறுத்தியது. காலிச் சாக்கு நாலு மடித்தால் ஒரு உள்ளங்கை அளவுதான்.

வாங்கியதும் மொட்டை மாடியில் போட்டு ஒரு ராத்திரி படுங்கள். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ஒரு தடவை போட்டுப் பழகுங்கள்.

தூங்குகிற சாமானில் நிறைய பேர் ஸ்லீப்பிங் பேக்குக்குப் பணம் போட்டுவிட்டு அடிப்பாயை விட்டுவிடுவார்கள். உடம்புக்கு அடியில் நசுங்கிய பேக் சூடு காக்காது. குளிர் தரையிலிருந்துதான் ஏறும். பேக்கின் மேல் இரண்டு டிகிரி எண் போட்டிருப்பார்கள். ஒன்று நிம்மதியாகத் தூங்கும் அளவு, இன்னொன்று தாங்கிக்கொள்ளும் அளவு. முதல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். நம்மைப் போல வருஷம் முழுக்க வேர்த்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்கள், போகும் இடத்துக் குளிரைவிட ஐந்து டிகிரி குறைவான எண் போட்டதையே வாங்கிக்கொள்ளலாம்.

துணி பற்றிச் சுருக்கமாக: லே போகிறவருக்கு ஒரே பையில் மூன்று ஊர் வேண்டும். நெல்லூர் வரை புழுக்கம், நாக்பூரில் நாற்பதைத் தாண்டிய அனல், லே போகும் மலைவழியில் சார்ச்சுவில் விறைப்பு. பருத்தி ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இரண்டு நாள் காயாது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் கிடைக்கும் விளையாட்டு டி-ஷர்ட்டும் டிராக் பேன்ட்டும் மூன்று செட், தெர்மல் ஒரு செட், ஸ்வெட்டர் ஒன்று. அதோடு இரண்டு லுங்கி. துவட்ட, மாற்ற, விரிக்க, டாபாக் கட்டிலில் போர்த்த, வெயிலில் நனைத்துக் கழுத்தில் சுற்ற, அதைப் போல ஒரு துணி வேறு எந்த ஊரிலும் கிடையாது.

அடுப்பும் சாப்பாடும்

சின்ன கேஸ் கேன் அடுப்பு நம் மலைகளுக்குப் போதும். ஆனால் கேனில் வெறும் பியூட்டேன் என்றால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அது ஆவியாகாது, அடுப்பு எரியாது. ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த கேனாகப் பார்த்து வாங்குங்கள், ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு படுங்கள். போனையும் பவர் பேங்கையும் அதேபோல, குளிரில் சார்ஜ் இறங்கிவிடும். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: எவ்வளவு மழை, எவ்வளவு குளிர் இருந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். காட்டை ஒட்டிய இடத்தில் வெளியிலும் நெருப்பு வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் என்ன நடந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். காட்டுக்குள் தங்க வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது.

அரிசி கொண்டுபோகாதீர்கள். சார்ச்சு ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 86 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு லேசில் வேகாது. அவல்தான் நம் ஆள். வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிஷம் மூடிவைத்தால் ஆயிற்று. மேலே புளிக்காய்ச்சலோ பருப்புப்பொடியோ. அம்மா முதல் பயணத்தில், "வெறும் பிஸ்கட்ட துன்னுட்டு எத்தினி நாளு இருப்ப கண்ணு" என்று நெத்திலிக் கருவாடு வறுத்து டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். கண்டிக்கோட்டையில் ராத்திரி இரண்டு மணிக்கு ஆறேழு நாய்கள் கூடாரத்தைச் சுற்றி நின்றன. இப்போது கருவாடு வீட்டோடு, அம்மா புளிக்காய்ச்சலில் எண்ணெய் கொஞ்சம் கூட விட்டு இறக்கித் தருகிறாள், பத்து நாளைக்குக் கெடாமல் வருகிறது.

மருந்தில் பாரசிட்டமால், பேண்டேஜ், டெட்டால், வயிற்றுப்போக்குக்கு மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து. ஓ.ஆர்.எஸ். அனலில்தான் அதிகம் செலவாகும், வேர்த்துக் களைத்துக் கண் சொருகும் மத்தியானங்களில் என்னை ஓட்டவைத்தது அதுதான். மலை உயரத்தில் வரும் தலைவலி, மயக்கத்துக்கான மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

டூல்ஸில் உங்கள் வண்டிக்கு எது பொருந்துமோ அதை மட்டும். வழக்கமான மெக்கானிக்கிடம் போய், அவர் கண் முன்னால் இரண்டு சக்கரத்தையும் நீங்களே ஒரு தடவை கழற்றி மாட்டுங்கள். அப்போது கையில் எடுத்த ஸ்பேனர்கள்தான் உங்கள் டூல் கிட். மற்றதைக் கழித்துவிடலாம். அதோடு க்ளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக், ஃப்யூஸ், செயின் லாக், எம்-சீல். ஸ்போக் சக்கரம் என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் ட்யூப், டயர் லீவர் இரண்டு. ட்யூப்லெஸ் என்றால் பஞ்சர் குச்சியும் பசையும். சின்ன பாட்டிலில் கியர் ஆயில் 90, ஐநூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை செயினுக்கு. புது க்ளட்ச் கேபிளைப் பழையதோடு சேர்த்து ஓட்டி டேப் போட்டு வைத்துவிட்டால், அறுந்த இடத்தில் முனையை மட்டும் மாற்றினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டாம்.

பெட்ரோல் கேன் எல்லோருக்கும் தேவையில்லை. மணாலி–லே வழியில் தாண்டி (Tandi) என்ற ஊரின் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று நான் போனபோது போர்டு இருந்தது. என் டேங்க் 20 லிட்டர், ஏற்றத்தில் லிட்டருக்கு 28 கொடுத்தாலும் தாண்டிவிடும், கேன் எடுக்கவில்லை. உங்கள் டேங்க் 11 லிட்டர் என்றால் ஐந்து லிட்டர் இரும்புக் கேன் எடுத்துத்தான் ஆக வேண்டும். அதை அடுப்பும் சாப்பாடும் இல்லாத பக்கத்தில், அடியில் கட்டுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால்

எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு ஒரு ஒத்திகை போங்கள். நான் எண்ணூர் விரைவு சாலையில் முகத்துவாரம் வரை போய்வருவேன். குழி, தண்டவாளம், கன்டெய்னர் லாரி வரிசை, உப்புக்காற்று எல்லாம் அந்த ஒரு ரோட்டிலேயே இருக்கிறது. கிளம்புமுன் பின் ஷாக் அப்ஸார்பரை ஒரு படி இறுக்குங்கள், டயர் காற்று வண்டியிலேயே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இரண்டு பேருக்குச் சொன்ன அளவுக்கு ஏற்றுங்கள், பாரத்தோடு செயின் தளர்ச்சியைப் பாருங்கள், ஹெட்லைட்டைக் கீழிறக்குங்கள். பின்பக்கம் அழுந்தினால் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

திரும்பி வந்ததும் மூட்டையை அவிழ்க்காமல் சாக்பீஸ் கோடு பாருங்கள். கிளம்பும்போது பையின் ஓரத்தில் சீட்டின் மேல் ஒரு கோடு போட்டிருப்பேன். கோட்டிலிருந்து பை விலகியிருந்தால் எந்தப் பக்கம் விலகியதோ அதற்கு எதிர்ப் பக்க பெல்ட்தான் குறை. அதைச் சரிசெய்து மறுநாள் திரும்பப் போவேன். இரண்டாவது நாள் பெரும்பாலும் கோடு அப்படியே இருக்கும்.

புறப்படுகிற நாள் விடிகாலை நாலரைக்கு எடுத்தால் லாரிக்கு முன்னால் செங்குன்றம் தாண்டிவிடலாம். எவ்வளவு இறுக்கினாலும் முதல் முப்பது கிலோமீட்டரில் பையின் உள்ளே துணி படியும், பெல்ட் தளரும். அதனால் காரனோடைப் பாலம் தாண்டியதும் ஒரு டீக்கடையில் நிறுத்துங்கள். டீ சொல்லிவிட்டு ஒவ்வொரு பெல்ட்டையும் கையால் தட்டிப் பாருங்கள், தளர்ந்ததை இழுத்துவிடுங்கள், நாலு பக்கமும் ஒரு ஆட்டு ஆட்டுங்கள். வண்டி சேர்ந்து அசைந்தால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்து கூடூரில் பார்த்தால் போதும்.